நிலத்தின் ஏட்டைப் பதிப்பித்தவர்

பொறுமைக்கு ஓர் அளவுகோல் வேண்டியபோதெல்லாம் தமிழ்ப் புலவர் நிலத்தையே நாடினர். வள்ளுவர் பொறையுடைமையைப் பேசத் தொடங்குமிடத்தும் நிலமே முன் நிற்கிறது. எத்துணைப் பாரத்தையும் சுமந்து, எவ்வளவு துன்புறுத்தினும் வாய் திறவாது கிடப்பது நிலம் என்பது நம் முன்னோர் கொண்ட எண்ணம். ஆயினும் அந்நிலமும் சிலபோது வாய் திறக்கிறது. அது பேசும் மொழி நடுக்கம். அம்மொழியைக் கேட்டு அஞ்சியோர் கோடிக்கணக்கானோர். அதனை எழுத்தாகக் கொண்டு படிக்க முயன்றோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். அயர்லாந்தில் பிறந்து, இந்திய மண்ணில் உழைத்து, நிலவுருண்டையின் நடுவே தனியொரு கரு உண்டு என்பதை உலகிற்கு உணர்த்திய அறிஞர் அவர்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து மக்கள் நில அதிர்வை நூல்வழி அறிந்தவர் அல்லர், காலின்வழி அறிந்தவர். தொலைவில் ஏதேனும் ஒரு பட்டாசு ஆலையில் பெருவெடிப்பு நேர்ந்தால் பாறையின் வழியே வரும் அதிர்வு முந்தும். காற்றின் வழியே வரும் ஓசை பிந்தும். ஓசை காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கெட்டிப் பாறையிலோ அதிர்வு நொடிக்குப் பல ஆயிரம் மீட்டர் விரையும். ஒரே இடத்தில், ஒரே நொடியில் புறப்பட்ட இரு தூதர்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கின்றனர். இருவர் வருகைக்கும் இடைப்பட்ட நேரம் நீண்டால் இடம் சேய்மை, குறுகினால் அண்மை. இவ்வெளிய உண்மையே ஓல்டாம் கண்ட பேருண்மைக்குத் திறவுகோலாகும்.

கருமருந்தும் கடற்கரையும்

ஓல்டாமின் வாழ்வை அறியுமுன் அவருக்கு முந்திய ஒருவரை அறிதல் வேண்டும். அவர் இராபர்ட்டு மாலட்டு. 1810ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்த அவர், இரும்பு வார்ப்பாலை நடத்திய பொறியாளர். நிலநடுக்க ஆய்வு ஒரு தனித் துறையாக வளர வேண்டும் என்று கருதி, ஐரோப்பிய மொழிகளில் அதற்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டியவரும் அவரே.

நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்க மாலட்டுக்குப் பொறுமையில்லை. 1849ஆம் ஆண்டு டப்ளினுக்கு அருகிலுள்ள கில்லைனிக் கடற்கரை மணலில் கருமருந்தைப் புதைத்து வெடிக்கச் செய்தார். அரை மைல் தொலைவில் ஒரு கிண்ணத்தில் பாதரசம் வைக்கப்பட்டிருந்தது. வெடியின் அதிர்வு வந்து தொட்டதும் பாதரசத்தின் மேற்பரப்பு சிலிர்க்கும். அதில் தெரியும் உருவம் கலையும். வெடித்த நேரத்திற்கும் கலைந்த நேரத்திற்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு அதிர்வின் விரைவைக் கணக்கிட்டார். மணலில் நொடிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் என்பது அவர் கண்ட விடை. கருங்கற் பாறையில் அதனினும் மிகுந்த விரைவு தெரிந்தது.

வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த அதே கருமருந்து, சிவகாசியில் வாணமாயிற்று; போர்க்களத்தில் கொலைக்கருவியாயிற்று; கில்லைனிக் கரையில் நிலத்தின் உள்ளத்தைத் தட்டிப் பார்க்கும் கோலாயிற்று. பொருள் ஒன்றே; பயன்படுத்துவோர் நோக்கமே வேறு.

தந்தையும் மைந்தரும்

மாலட்டைப் போலவே டப்ளினில் பிறந்தவர் தாமசு ஓல்டாம். அந்நகரின் டிரினிட்டிக் கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக விளங்கிய அவர், 1851ஆம் ஆண்டு இந்தியா வந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைக் கட்டியெழுப்பி, கால் நூற்றாண்டுக் காலம் அதன் தலைவராக விளங்கினார். நிலக்கரி எங்குள்ளது என்று கண்டு சொல்லவே ஆங்கில அரசு அவரை அழைத்தது. அவரோ அதனோடு அமையாது நாட்டின் மண்ணையும் பாறையையும் முறையாக வரைபடத்தில் ஏற்றும் பெரும்பணியைத் தொடங்கினார்.

1869ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் அசாமின் காச்சார்ப் பகுதியில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தாமசு ஓல்டாம் அதனை ஆராய்ந்தார். சுவர் எத்திசையில் விரிந்தது, தூண் எப்பக்கம் சாய்ந்தது என்று பார்த்து அதிர்ச்சி வந்த திசையை அறியும் மாலட்டின் முறையைக் கைக்கொண்டார். அதிர்ச்சியின் விளைவுகள் சிலவற்றைப் பற்றி அவரும் மாலட்டும் இணைந்து 1872இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டனர். இந்தியாவில் அதுவரை நேர்ந்த நிலநடுக்கங்களை எல்லாம் திரட்டும் பட்டியல் ஒன்றையும் தாமசு எழுதிவந்தார். ஆனால் இவை நூல்வடிவம் பெறுமுன்னரே, 1878ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இங்கிலாந்தில் காலமானார்.

தாமசின் மைந்தர்களுள் ஒருவரே ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். 1858ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் டப்ளினில் பிறந்தார். ரக்பிப் பள்ளியிலும், இலண்டனிலுள்ள அரசுச் சுரங்கவியற் பள்ளியிலும் பயின்றார். தந்தை மறைந்த மறு ஆண்டே, 1879இல், தந்தை வளர்த்த அதே துறையில் உதவிக் கண்காணிப்பாளராகப் பணியேற்று இந்தியா வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

இளைஞர் ஓல்டாம் தொடக்கத்தில் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, தந்தை விட்டுச் சென்ற தாள்களை ஒழுங்குபடுத்துவதாகும். காச்சார் நிலநடுக்கம் பற்றிய ஆய்வு, இந்திய வெந்நீர் ஊற்றுகள் பற்றிய தொகுப்பு, இந்திய நிலநடுக்கப் பட்டியல் ஆகிய மூன்றையும் பதிப்பித்து, துறையின் வெளியீட்டு வரிசையில் 19ஆம் தொகுதியாக 1882, 1883ஆம் ஆண்டுகளில் வெளிக்கொணர்ந்தார். ஆசிரியர் என்னும் இடத்தில் தந்தையின் பெயர். பதிப்பாளர் என்னும் இடத்தில் மைந்தரின் பெயர்.

இந்நிகழ்ச்சி தமிழ் உள்ளங்களுக்கு நன்கு விளங்கக் கூடியது. அதே காலத்தில் தமிழகத்தில் உ.வே. சாமிநாதையர் சிதைந்த ஏடுகளைத் தேடித் திரட்டிக்கொண்டிருந்தார். சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. பல ஊர்களில் கிடைத்த ஏடுகளை அருகருகே வைத்து, பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, மூலம் இவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்று துணிவது பதிப்பாசிரியர் தொழில். ஓல்டாம் பிற்காலத்தில் நிலத்தின்பால் செய்த தொண்டும் இத்தன்மையதே. சாமிநாதையர் பனையேட்டில் செய்ததை ஓல்டாம் கருவிகள் கீறிய கோடுகளில் செய்தார் எனில் மிகையாகாது.

நாகப்பட்டினத்து அலைக்குறிப்பு

ஓல்டாமின் ஆய்வுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நிக்கோபார்த் தீவுகளை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்தது. வங்கக் கடலைச் சூழ்ந்த துறைமுகங்களில் கடல்மட்டத்தின் ஏற்றவற்றங்களைத் தாமாகவே குறித்துவரும் கருவிகளை இந்திய நில அளவைத் துறை அப்போது நிறுவியிருந்தது. சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களின் கருவிகளும் அவற்றுள் அடங்கும். அமைதியாக வளைந்து செல்ல வேண்டிய கோட்டில் அன்று பற்கள் போன்ற நெளிவுகள் விழுந்தன. நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலையின் கையெழுத்து அது.

அந்த நிலநடுக்கத்தைப் பற்றி ஓல்டாம் 1884இல் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார். அன்றைய அலை சிறிது, பெருஞ்சேதம் இல்லை. உலகமும் அதனை மறந்தது. நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் அதே வங்கக் கடலின் கிழக்கு விளிம்பில் நிலம் பெயர்ந்தபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். வங்கக் கடலின் அடித்தளம் அதிர்ந்தால் சோழநாட்டுக் கரையில் அலை எழும் என்பதற்குச் சான்று பழைய ஏட்டில் இருந்தது. அதைப் படித்து வைத்தவரும் இருந்தார். படித்ததை நினைவிற் கொள்ளும் கடமையைத்தான் பின்வந்தோர் தவறவிட்டனர்.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஓல்டாம் இமயத்திலும் சோணை ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பிற பகுதிகளிலும் அலைந்து திரிந்து பாறைகளை ஆராய்ந்தார். மெடிலிகாட்டு, பிளான்போர்டு என்னும் இருவர் 1879இல் எழுதிய இந்திய நிலவியல் கையேட்டைப் பெரிதும் திருத்தி, 1893இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார். பிறர் நூலைச் செப்பனிடும் பொறுமை அவர் இயல்பிலேயே அமைந்திருந்தது.

சில்லாங் மலையில் ஒரு மாலைப்பொழுது

1897ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள், மாலை ஐந்தேகால் மணி அளவில், அசாமும் வங்கமும் அதிர்ந்தன. காசி, காரோ மலைகள் அடங்கிய சில்லாங் பீடபூமியே நடுக்கத்தின் இருப்பிடம். சில்லாங் நகரின் கல் வீடுகள் சில நொடிகளில் கற்குவியல்களாயின. ஏறத்தாழ நான்கு இலட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கல்லாலும் செங்கல்லாலும் ஆன கட்டடங்கள் சிதைந்தன; கல்கத்தாவும் தப்பவில்லை. ஆற்றுச் சமவெளிகளில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. இருப்புப்பாதைக் கம்பிகள் பாம்பு போல நெளிந்தன. அரசுக் கணக்கின்படி மாண்டோர் 1,542 பேர். மக்கள் பலர் வீட்டுக்கு வெளியே இருந்த மாலை நேரமாதலின் சாவு இந்த அளவோடு நின்றது. நள்ளிரவில் நேர்ந்திருப்பின் எண்ணிக்கை பன்மடங்காகியிருக்கும்.

ஆய்வுப் பொறுப்பு ஓல்டாமிடம் வந்தது. மாலட்டு காட்டிய வழியும் தந்தை நடந்த வழியும் அவர் முன் இருந்தன. உடன்பணியாளர்கள் பல பகுதிகளுக்கும் சென்றனர். ஓல்டாமும் மலைநாட்டில் நேரில் அலைந்து பார்த்தார். சிலெட்டுப் பகுதியில் சாத்தக் என்னும் ஊரில் இருந்த உயர்ந்த நினைவுத் தூண் முறிந்து, மேற்பகுதி திருகிக்கொண்டு நின்றது. அத்திருகலும் அவருக்கு ஓர் எழுத்து. மலைமேல் சில இடங்களில் மண்ணில் பதிந்து கிடந்த பாறைகள் தம் குழியின் விளிம்பைக்கூடச் சிதைக்காமல் மேலெழும்பி அப்பால் விழுந்து கிடந்தன. நிலம் பக்கவாட்டில் மட்டும் அசைந்திருந்தால் குழியின் ஓரம் உடைந்திருக்கும். ஓரம் உடையாமையால், நிலம் பாறையை நேர்மேலே தூக்கி எறிந்திருக்க வேண்டும். நிலத்தின் ஈர்ப்பையும் வென்ற விசை அது என்று ஓல்டாம் துணிந்தார்.

காரோ மலையில் செத்ராங் என்னும் ஆற்றை ஒட்டி அவர் கண்ட காட்சி மேலும் வியப்பூட்டுவது. நிலம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, ஒருபுறம் மறுபுறத்தைவிட உயர்ந்திருந்தது. உயர்ச்சி மிகுந்த இடத்தில் முப்பத்தைந்து அடி இருந்தது. ஆற்றின் போக்கு மறிபட்டு, குளங்களும் அருவிகளும் புதிதாகத் தோன்றியிருந்தன.

இவை அனைத்தையும் தொகுத்து 1899இல் வெளியான அறிக்கை 379 பக்கங்களைக் கொண்டது. தந்தி நிலையங்களிலிருந்தும் இருப்புப்பாதை நிலையங்களிலிருந்தும் வந்த நேரக் குறிப்புகள் அதில் ஒப்பிடப்பட்டன. கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதனவாதலின் எதனை நம்புவது, எதனைத் தள்ளுவது என்று ஆய்தல் வேண்டியிருந்தது. பிழைபட்ட ஏடுகள் பலவற்றிலிருந்து நல்ல பாடத்தைத் தேறும் பணிதான் அது. ஓல்டாம் அயலாட்சியின் அலுவலர் என்பதும், அவ்வறிக்கை அரசின் பயனுக்காக எழுதப்பட்டது என்பதும் மெய்யே. எனினும் வீட்டை இழந்தவனின் இடிந்த சுவரையும் அவர் கவனத்தோடு அளந்தார். பேரழிவு கண்டு புலம்பிக் கலைவதோடு அமையாமல், அழிவு எழுதிச் சென்றதை அழியுமுன் படித்துவிட வேண்டும் என்னும் அறிவின் அறம் அங்கே தெரிகிறது.

கல் வீடுகள் வீழ்ந்த அந்நாட்டில் பின்னர் மரச்சட்டமும் நாணல் தட்டியும் கொண்ட இலேசான வீடுகள் பெருகின. இன்றும் அவை அசாம் வகை வீடுகள் என்று பெயர் பெறுகின்றன.

மூன்று தூதர்கள்

இனி, ஓல்டாமின் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்புக்கு வருவோம். சில்லாங்கில் எழுந்த அதிர்வு இந்தியாவோடு நிற்கவில்லை. நிலவுருண்டையின் வழியே ஓடி, இத்தாலி முதலிய நாடுகளில் இருந்த பதிவுக் கருவிகளின் ஊசிகளை அசைத்தது. எட்டாண்டுகளுக்கு முன், 1889இல், சப்பானில் நேர்ந்த நிலநடுக்கம் செருமனியின் போட்சுடாம் நகரக் கருவியில் தற்செயலாகப் பதிந்ததிலிருந்து, தொலைதூர நடுக்கத்தையும் கருவி அறியும் என்பது தெளிவாகியிருந்தது. ஆனால் ஊசி கீறிய கோடுகள் குழந்தையின் கிறுக்கல் போலவே காணப்பட்டன. அவற்றுக்கு எழுத்திலக்கணம் வகுத்தவர் எவருமிலர்.

ஓல்டாம் பல நாட்டுப் பதிவுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். ஒவ்வொன்றிலும் மூன்று தனித்தனி எழுச்சிகள் ஒரே வரிசையில் வருவதைக் கண்டார். முதலில் ஒரு சிறு நடுக்கம். சில நிமிடங்கள் கழித்து, அதனினும் வலியதொரு நடுக்கம். இறுதியில் நீண்டு அகன்ற பேரசைவு. தொலைவு கூடக்கூட இவற்றின் இடைவெளியும் கூடிற்று. 1900ஆம் ஆண்டு இலண்டன் இராயல் கழகத்தின் வெளியீட்டில் இதனை அவர் நிறுவினார்.

முதல் தூதன் நெட்டலை. தொடர்வண்டியின் முதற்பெட்டியை இடித்தால் அவ்விடி பெட்டிக்குப் பெட்டி கடந்து கடைசி வரை செல்வதுபோல, பாறைத்துகள்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு செல்வது அது. இரண்டாம் தூதன் குறுக்கலை. கட்டிய கயிற்றின் ஒரு முனையை உதறினால் நெளிவு ஓடுவதுபோல, துகள்களைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்வது. இவ்விரண்டும் நிலத்தின் உள்ளே புகுந்து வருவன. மூன்றாவது, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே சுற்றி வருவது. ஆகவே கடைசியில் சேர்வது. திண்பொருளில் இத்தகைய அலைகள் இருக்கலாம் என்று பிரான்சு நாட்டுப் புவாசோன் முதலிய கணித அறிஞர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே ஏட்டளவில் காட்டியிருந்தனர். அவை மெய்யாகவே நிலத்துள் ஓடுகின்றன என்று பதிவுகளிலிருந்து பிரித்துக் காட்டியவர் ஓல்டாம்.

சிவகாசியில் தரையதிர்வும் வெடியோசையும் முன்பின்னாக வருவதை மீண்டும் நினைவுகூர்தல் பொருந்தும். அவ்வாறே நெட்டலையும் குறுக்கலையும் முன்பின்னாக வருகின்றன. அண்மையில் நேரும் நிலநடுக்கமாயின், இரண்டிற்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவு என்று கொள்ளலாம். இன்று உலகின் எம்மூலையில் நிலம் நடுங்கினும் சில நிமிடங்களுக்குள் அதன் இருப்பிடம் அறியப்படுவதற்கு அலைகளைப் பிரித்தறியும் இந்த அறிவே அடிப்படை.

1897ஆம் ஆண்டுப் பேரழிவின் பின்னர் இந்தியாவிலும் நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் நிறுவப்பட்டன. கல்கத்தாவின் அலிப்பூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் நிலையம் அமைந்தது. அடுத்துப் பம்பாயிலும், தமிழகத்தின் கொடைக்கானல் மலையிலும் கருவிகள் இயங்கத் தொடங்கின. தென்னாடு நடுங்காது என்னும் நம்பிக்கையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூர்ப் பகுதியை மையமாகக் கொண்ட நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது.

நிலத்தின் நெஞ்சகம்

இருபத்துநான்கு ஆண்டுக் காலப் பணிக்குப்பின், 1903இல், உடல்நலம் குன்றிய ஓல்டாம் பணியிலிருந்து விலகி இங்கிலாந்து திரும்பினார். தந்தை வகித்த தலைமை இருக்கையில் நிலையாக அமரும் வாய்ப்பு மைந்தருக்குக் கிட்டவில்லை. ஓய்வு பெற்றவர் ஓய்ந்திருக்கவில்லை. மலையேறி அலைய இயலாத உடலோடு, மேசைமீது விரித்த பதிவுத் தாள்களின் வழியே நிலத்தின் நடுவண் வரை பயணம் செய்தார்.

அப்பயணத்தின் விளைவே 1906ஆம் ஆண்டு இலண்டன் நிலவியல் கழக இதழில் வெளிவந்த கட்டுரை. தொலைவு கூடக்கூட அலைகள் ஆழமாகப் புகுந்து வருகின்றன. ஆழத்தில் விரைவு கூடுகிறது. ஆனால் நிலவுருண்டையின் மறுபக்கத்தை நெருங்கும் நிலையங்களில் மட்டும் அலைகள் கணக்குக்குப் பிந்தி வந்தன. அதிலும் இரண்டாம் அலை பல நிமிடங்கள் பிந்துவதாகத் தோன்றியது. இத்தாமதத்திற்குக் காரணம் யாது? நடுவே தன்மையால் வேறுபட்ட, அலையின் விரைவைக் குறைக்கும் ஒரு பொருள் இருத்தல் வேண்டும். நீரில் இட்ட கோல் வளைந்து தோன்றுவதுபோல, அப்பொருளுள் புகும் அலையும் வளைகிறது. ஆகவே நிலவுருண்டைக்குத் தனியொரு கரு உண்டு. அதன் ஆரம் நிலவுருண்டை ஆரத்தின் பத்தில் நான்கு பங்குக்கு மேற்படாது என்று ஓல்டாம் முடிவு செய்தார்.

நிலத்தின் நடுவே இரும்பு இருக்கலாம் என்று பலர் முன்னரே கருதியதுண்டு. ஆனால் கருவின் இருப்புக்கு நிலநடுக்கத்திலிருந்தே சான்று காட்டிய முதல்வர் ஓல்டாம். எந்த மனிதனும் காணாத, காணவும் முடியாத இடத்தை, 1,542 உயிர்களைப் பலிகொண்ட அதே நடுக்கம் திறந்துவைத்த வழியே சென்று அவர் கண்டார். அழிவே அறிவின் விளக்காயிற்று.

அவர் கணக்கில் பிழையும் இருந்தது. மறுபக்கத்தில் பிந்தி வந்த குறுக்கலை என்று அவர் கொண்டது உண்மையில் வேறு வழி சென்ற அலை. கருவின் அளவும் அவர் சொன்னதினும் பெரிது. செருமானிய அறிஞர் பெனோ குட்டன்பெர்க்கு 1914இல் கருவின் எல்லை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது எனத் திருத்தமாகக் கணித்தார். இங்கிலாந்தின் ஆரல்டு செப்ரீசு 1926இல் கரு நீர்மமாக உள்ளது என்பதை நிறுவினார். நீர்மத்தில் குறுக்கலை புகாது. பின்னர் தென்மார்க்கு நாட்டுப் பெண் அறிஞர் இங்கே லேமன், அந்நீர்மக் கருவின் நடுவே மற்றுமோர் உட்கரு உண்டு என்று 1936இல் காட்டினார். ஆயினும் வாயிலைத் திறந்தவர் ஓல்டாமே. முதற்பதிப்பில் பிழை இருப்பதனால் பதிப்பித்தவரின் பெருமை குறைவதில்லை. பின்வந்த திருத்தங்கள் அனைத்தும் அம்முதற்பதிப்பின் மேலேயே எழுந்தன.

தம்மைத் தாமே திருத்தியவர்

1908இல் லயல் பதக்கம் ஓல்டாமை நாடி வந்தது. 1911இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1920 முதல் 1922 வரை இலண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக விளங்கினார். புகழ் வந்த பின்னும் இந்திய மண்ணை அவர் மறக்கவில்லை. இமயமலையும் கங்கைச் சமவெளியும் அமைந்த முறை பற்றிய அவருடைய ஆய்வு 1917இல் வெளியாயிற்று.

அறுபத்தெட்டாம் அகவையில், 1926இல், அவர் மற்றுமோர் ஆய்வேடு வெளியிட்டார். 1819ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் கட்சுப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தைப் பற்றியது அது. சமவெளியில் திடீரென எழுந்து சிந்து ஆற்றின் ஒரு கிளையை மறித்த நெடுமேட்டை அங்குள்ள மக்கள் இறைவன் கட்டிய அணை என்னும் பொருளில் அல்லா அணை என்று அழைத்தனர். அந்த ஏட்டின் மற்றொரு பகுதியே ஈண்டு நோக்கற்பாலது. தாம் உலகப் புகழ் பெறக் காரணமான 1897ஆம் ஆண்டு நிலநடுக்க ஆய்வை எடுத்துக்கொண்டு, இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் அவர் அதனை மறுபார்வை செய்தார். அடைந்த புகழைக் காப்பதற்கு முதுமையைச் செலவிடுவோர் பலர்; தம் நூலைத் தாமே மீண்டும் ஐயுற்று நோக்குவோர் அரியர். இளமையில் தந்தையின் தாள்களைச் செப்பம் செய்த கை, முதுமையில் தன் தாள்களையும் அதே கண்டிப்போடு செப்பம் செய்தது.

1936ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள், எழுபத்தெட்டாம் அகவை நிறைவதற்குச் சில நாட்கள் முன்னர், வேல்சு நாட்டின் இலாண்டிரின்டாடு வெல்சு என்னும் ஊரில் ஓல்டாம் காலமானார். அவர் கண்ட கருவுக்குள்ளே மற்றொரு கரு உண்டு என்று லேமன் அறிவித்ததும் அதே ஆண்டிலேதான்.

2001ஆம் ஆண்டு ரோசர் பில்காம், பிலிப்பு இங்கிலாந்து என்னும் இரு அறிஞர்கள், 1897ஆம் ஆண்டு நடுக்கத்திற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட பழைய நில அளவைக் கணக்குகளைத் தூசு தட்டி எடுத்து ஆராய்ந்தனர். சில்லாங் பீடபூமியின் வடக்கு விளிம்பின் அடியில், மேற்பரப்பில் தெரியாது மறைந்து கிடக்கும் நெடிய நிலப்பிளவு ஒன்றே அந்நடுக்கத்திற்குக் காரணம் என முன்மொழிந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஓல்டாம் பிளவு. அதன் இயல்பு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதுவும் நன்றே, பதிப்பு இன்னும் முடியவில்லை என்பதற்கு அது சான்று.

கருமருந்தோடு வாழும் கரிசல் நாட்டுக்கு ஓல்டாமின் வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் வெடிப்புகள் நிகழ்ந்தன. ஒவ்வொரு முறையும் நிலம் ஒரு சொல் சொல்கிறது. கண்ணீர் வடித்தபின் அச்சொல்லை மறப்பது எளிது. எந்த அறை முதலில் வெடித்தது, எந்தச் சுவர் எப்பக்கம் விழுந்தது, எந்த வாயிலில் மனிதர் தடுக்குண்டனர் என்று சிதைவின் சூடு ஆறுமுன் படித்து, அடுத்த தலைமுறைக்கு எழுதி வைப்பது அரிது. அரிய அச்செயலையே சில்லாங் மலையில் ஓல்டாம் செய்தார்.

பொறுமைக்கு நிலத்தை உவமை சொன்ன மொழியில், அந்நிலத்தின் நடுக்கத்தையே பொறுமையோடு கேட்ட ஒருவரின் பெயரும் நினைக்கப்படுதல் முறையே.